ஏழாவது தண்டு

மின்மயானத்தின் தகரத் தட்டில் பரஞ்சோதியின் எலும்புகளோடு ஒரு சாண் நீள டைட்டானியத் தண்டும் கிடந்தது. அவர் மனைவி சியாமளாவின் ஆய்வுக்கூடத்தில் உருவான உலோகக் கலவை அது. இடுப்பெலும்பு முறிந்து, அதைச் சோதனையாகப் பொருத்திக்கொள்ள முன்வந்த பத்துப் பேரில் அவர் ஏழாவது. "வீட்டுச் சமையலை வீட்டுக்காரனே சாப்பிடலேன்னா எவன் சாப்பிடுவான்?" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். எலும்பு அந்த உலோகத்தோடு உண்மையிலேயே ஒட்டியதா என்று உயிரோடிருப்பவரைப் பிளந்து பார்க்க முடியாது. நான்கு வருடங்களாக அவள் எக்ஸ்ரேக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயான ஊழியர் தண்டைக் கம்பியால் தட்டினார். "மத்தவங்க உடம்புல வெச்ச கம்பியெல்லாம் தானா உதிர்ந்துரும்மா. இது விடமாட்டேங்குது. எலும்பு கெட்டியா புடிச்சிருக்கு."

அழுகை வரும் என்று சியாமளா காத்திருந்தாள். வரவில்லை. தண்டு உலைச் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. எத்தனை டிகிரியில் அந்த நீலம் வரும் என்று மனம் தானாகக் கணக்கிட்டது.

"சுரண்டிக் குடுங்கண்ணே," என்றார் கொழுந்தனார் கருணாகரன். "அண்ணன் எலும்பு ஒரு துணுக்குகூட வெளிய தங்கக்கூடாது. எல்லாம் கடலுக்குப் போயிரணும். என்ன அண்ணி?"

ஊழியர் உளியை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

சியாமளா கைப்பையைத் திறந்தாள். மாதிரிகளைப் போடும் பிளாஸ்டிக் உறை ஒன்று எப்போதும்போல் அதில் இருந்தது. உறையின் மேல் தேதியை எழுதினாள். பெயர் எழுதக்கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் விதி. 'ஏழு' என்று எழுதினாள். கருணாகரன் அஸ்திக் கலயத்தின் வாயைத் திறந்தபடியே பிடித்திருந்தார்.