வராக்கடனுக்கு வந்த வரி

“செத்துப்போன கடனுக்கு யாராவது வரி கேப்பாங்களா, மேடம்?”

குரலைக் கேட்டதும் வெர்னா சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

டெரில் ஹாஸ்கின்ஸ் கோட்டில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். டொலீடோ நகரில் பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. டோனட் கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில், மற்றவர்களுக்கு வரிக்கணக்கு எழுதித் தருவதற்காக வரி சீசனில் மூன்று மாதம் மட்டும் திறந்திருக்கும் சின்ன அலுவலகம் அது. மற்ற ஒன்பது மாதமும் வெர்னாவுக்கு வேலை இல்லை.

வெர்னா காகிதத்தைப் படித்தார். டெரிலின் கிரெடிட் கார்டு பாக்கி 6,840 டாலரை விட்டுவிட்டதாக, பேங்க் அவருக்கும் வரித்துறைக்கும் தெரிவித்திருந்தது.

“விட்ட கடன் உங்களுக்கு வருமானம், சார். சம்பளத்தோட சேத்துக் காட்டணும்.”

“வருமானமா? ஒரு டாலர்கூட என் கைக்கு வரலையே.”

“எப்பவோ வந்துச்சு. செலவும் பண்ணிட்டீங்க. அப்போ அது கடன், அதனால வரி இல்ல. திருப்பித் தர வேண்டாம்னு சொன்னதும் வருமானம் ஆயிடுச்சு.”

“நாலு வருஷம் முன்னாடியே வராக்கடன்னு எழுதிட்டாங்களே. அன்னைக்கே முடிஞ்சுபோச்சு.”

“வராக்கடன்னு எழுதி வைக்கிறது வேற, வேண்டாம்னு விடுறது வேற, சார். எழுதி வெச்சது அவங்க கணக்குக்காக. விட்டது போன அக்டோபர்லதான்.”

டெரில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

வெர்னா அவருடைய சம்பளத் தாளை வாங்கினார். அதில் கம்பெனி பெயர் இருந்த இடத்தை இரண்டு தடவை படித்தார்.

“என்ன வேலை, சார்?”

“போன்ல பேசுற வேலைதான். கஸ்டமர் சர்வீஸ் மாதிரி.”

வெர்னா கம்ப்யூட்டரில் எண்களைப் போட்டார். “சம்பளத்துல கூடுதலாப் பிடிச்ச வரியில உங்களுக்கு 1,140 டாலர் திரும்பி வரவேண்டியது. இந்தக் கடனைச் சேத்தா 319தான் வரும்.”

“பொண்ணுக்குப் பல்லுல கம்பி கட்டணும், மேடம். டாக்டருக்குத் தொள்ளாயிரம் முன்பணம். இந்தப் பணம் வரும்னு நம்பித்தான் தேதியே வாங்கினேன். பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்கிறப்போ வாயையே திறக்க மாட்டேங்கிறா.”

“சொந்தக்காரங்க யார்கிட்டயாவது கைமாத்து கேட்டீங்களா?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“நான் உங்களுக்கு உதவத்தான் இருக்கேன், சார். வீட்டுல டிவி இருக்கும்ல? அதை வித்துப் பாக்கலாமே?”

டெரிலுக்குக் காது சிவந்தது. “முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

“தினமும் கேக்குறவங்க இருக்காங்க” என்ற வெர்னா, இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். “ஒரு வழி இருக்கு. பேங்க் கடனை விட்ட நேரத்துல உங்க சொத்தைவிடக் கடன் அதிகமா இருந்திருந்தா, அந்த அளவுக்கு வரி கிடையாது. நீங்க ஓட்டாண்டின்னு காட்டினாப் போதும்.”

“அதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது” என்று டெரில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

ஆனால் கணக்கு ஆரம்பித்ததும் அவருக்கு மனசு வரவில்லை.

“கார்?”

“அஞ்சாயிரம் போகும். நல்ல வண்டி.”

“விலை கூடினா வரியும் கூடும், சார். உண்மையைச் சொல்லுங்க.”

“கியர் மாத்துறப்போ உறுமும். ரெண்டாயிரத்து முந்நூறு.”

“டிவி?”

“அறுபத்தஞ்சு அங்குலம், மேடம். பக்கத்து வீட்டுக்காரன்கூட வந்து பாத்துட்டுப் போனான்.” குரலைத் தாழ்த்தினார். “நடுவுல ஒரு கோடு இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. அறுபது டாலர் போட்டுக்குங்க.”

பேங்கில் இருந்தது 212. மேசை, சோபா, கட்டில் எல்லாம் சேர்த்து நானூறு. எதிர்ப்பக்கத்தில் கார் கடன், ஆஸ்பத்திரி பாக்கி, அந்தக் கார்டு பாக்கி.

வெர்னா ஒவ்வொரு எண்ணையும் திரும்ப ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தார். “11,868 டாலர் பள்ளத்துல இருந்திருக்கீங்க. விட்ட கடனைவிட இது பெருசு. அதனால இந்தக் கடனுக்கு வரியே இல்ல. 1,140 முழுசா வரும்.”

டெரில் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஏழ்மையைப் பெருமையோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்களை மறக்க மாட்டேன், மேடம். கடன்காரன்தானேன்னு நீங்க இளக்காரமாப் பாக்கல.”

“எப்படிப் பாப்பேன்? எனக்கும் ஒரு கார்டு பாக்கி இருக்கு. வராக்கடன்னு எழுதிட்டு, வசூல் பண்றவங்களுக்கு வித்துட்டாங்க.”

“ஐயோ, அவங்களா? மனுஷங்களே இல்ல, மேடம். போனையே எடுக்காதீங்க.”

“எடுத்து எடுத்துத்தான் குரலே மனப்பாடம் ஆயிடுச்சு.” வெர்னா அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தார். “திங்கக்கிழமை எட்டேகாலுக்கு, டிவியை வித்துக் கட்டச் சொல்லி வழக்கம்போல நீங்க கூப்பிடுறப்போ, என் டிவியிலயும் ஒரு கோடு இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்குங்க, மிஸ்டர் கார்ட்டர். போன்ல நீங்க சொல்ற பேர் அதுதானே?”