முதல் குண்டு நிலத்துக்காரனுக்கு

சத்தியமாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதென்றால், மார்லிஸ் அன்று துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்குள் பின்வாசல் வழியாகத்தான் போனாள். போனவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

உள்ளே அவள் புருஷன் வெர்லினின் துப்பாக்கி இடுக்கியில் பூட்டியிருந்தது. மாமனார் காலத்துச் சாமான். ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளவேண்டிய பழைய ரகம். குழல் உள்ளே தேய்ந்துபோய்விட்டதென்று புதுக் குழல் போடக் கொடுத்திருந்தான். அதை ஏற்றி முடித்துவிட்டு, கடைக்காரர் ஆரின் அதற்கென்று புதிதாக இழைத்த வால்நட் மரப் பிடிக்கட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஆரின், நான் இங்க வந்தது வெர்லினுக்குத் தெரியக் கூடாது.”

“எதுக்கும்மா இவ்வளவு ரகசியம்? ஆளத் தீர்த்துக்கட்டப் போறியா?”

“சேச்சே. இந்தத் துப்பாக்கி குறி தப்பணும். அவ்வளவுதான்.”

எண்ணெய்த் துணி அப்படியே நின்றது. ஆரின் கடையிலிருந்து கோணலாகச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூட அதுவரை வெளியே போனதில்லை.

விஷயம் இதுதான். மார்லிஸின் வைக்கோல் போருக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கிழட்டு எல்க் மான் வந்துபோகும். தலையைக் குனிந்துகொண்டு நிதானமாக நடந்து வருவதால் அதற்குப் பாதிரி என்று பெயர் வைத்திருந்தாள். கொம்பின் அகலத்தில் அந்த மொன்டானாப் பள்ளத்தாக்கிலேயே அதற்கு ஈடு கிடையாது.

இந்த வருஷம் வேட்டை திறக்கும் அன்றே பாதிரியைச் சாய்த்துவிடுவதென்று அவள் அண்ணன் வேட் ஒரு கூட்டத்தையே சேர்த்திருந்தான். யாருடைய நிலத்தில் மான் நிற்கிறதோ அவனுக்குத்தான் முதல் குண்டு. அது அங்கே யாரும் மீறாத வழக்கம்.

“வெர்லின் சுட்டுக் குறி தப்பிட்டா, சத்தத்துக்கே பாதிரி ஆத்தத் தாண்டி ஓடிரும். அந்தப் பக்கம் வேட்டைக்குத் தடை, பொழச்சுக்கும். ஆனா காயம் படக் கூடாது, சுத்தமா விலகணும். இடது பக்கமா ரெண்டு முழம் தள்ளி வைங்க.”

ஆரின் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி பரவியது. துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியின் அடியில், குறியை நகர்த்த, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகுகள். அவற்றைக் கண்ணாலேயே காட்டினார்.

“இவ்வளவுதானே? கவலைய விடும்மா. அவன்கிட்ட மூச்சு விடமாட்டேன், சத்தியம்.”

ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. அந்த மனிதர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் மார்லிஸை வீடுவரை உறுத்திக்கொண்டே வந்தது.

துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும் உறுத்தல் இரட்டித்தது. வெர்லின் அதைத் துடைத்து மாட்டினானே தவிர, ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்கவில்லை.

“புதுக் குழலாச்சே, காகிதத்த மாட்டிச் சுட்டுப் பாக்கலியா?”

“ஆரின் பாத்துட்டாரு. போதும்.”

“போன வருஷம் தொலைநோக்கி லேசா கதவுல இடிச்சதுக்கே ஒரு பெட்டி குண்டக் காலி பண்ணின ஆளு நீ.”

“தோள்பட்டை வலிக்குது, மார்லிஸ்.”

“கன்னுக்குட்டியப் பொரட்டிப் போடும்போது வலிக்காத தோளா?”

வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மார்லிஸுக்குப் புரிந்துவிட்டது. கிழவர் உளறிவிட்டார். இருவரும் சேர்ந்துகொண்டு குறியைச் சரிசெய்துவிட்டார்கள். தன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

வேட்டை நாள் விடிந்தது. வேலியோரம் வேட்டும் அவன் ஆட்களும் காப்பியை ஊதிக்கொண்டு நின்றார்கள். பனியில் குளம்பு புதையப் பாதிரி எப்போதும்போல வந்தது. வெர்லின் குப்புறப் படுத்துத் துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்தான். குறி பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்ன மச்சான், ஜெபம் பண்றியா? முடியலன்னா தள்ளிப் படு, நான் இருக்கேன்” என்றான் வேட்.

மானின் நெஞ்சுக்கு நேராக வைத்து வெர்லின் விசையை அழுத்தினான். பாதிரி துள்ளவில்லை, ஓடவில்லை. முன்னங்கால்களை மடித்து, மண்டியிடுவதுபோல் இறங்கிச் சாய்ந்தது.

ஆட்கள் கூச்சலிட்டு வெர்லினின் முதுகில் தட்டினார்கள். அவன் வெளுத்துப்போய் எழுந்திருக்காமல் கிடந்தான். இரவில் வழக்கப்படி மானின் இதயத்தை வெங்காயம் போட்டு வேட் வறுத்து வைத்தபோது, தட்டைத் தள்ளிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டான். நல்லா நடிக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் மார்லிஸ்.

மறுநாள் அவள் நேரே ஆரின் முன்னால் போய் நின்றாள்.

“சத்தியம் பண்ணிட்டு அவன்கிட்டச் சொல்லிட்டீங்கள்ல?”

“சொல்லலம்மா. அவன் சொன்னத உன்கிட்டயும் சொல்லல.”

“அவன் என்ன சொன்னான்?”

ஆரின் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். “நீ வர்றதுக்கு மொத நாளே வந்தான். அவனும் கதவத் தாழ் போட்டான். பாதிரியச் சுட மனசு வரல, ஆனா வேட் முன்னால மானமும் போகக் கூடாதுன்னான். நெஞ்சுக்கு நேராத்தான் குறி வைப்பேன், பழி துப்பாக்கி மேல விழட்டும்னான். உனக்குத் தெரிஞ்சா சிரிப்பன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கிக்கிட்டான்.”

மார்லிஸ் அங்கிருந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “குறி தப்புறதுக்கு என்ன பண்ணச் சொன்னான்?”

“ரெண்டு முழம் தள்ளச் சொன்னான், வலது பக்கமா.”

“அப்புறம் ஏன்...”

“அவனுக்கு வலது, உனக்கு இடது. கழிச்சுப் பாத்தேன், திருகத் தொடவே வேண்டி வரல.”