எவன் வியர்வை?

“என் சட்டையை எவனுக்குடா வாடகைக்கு விட்ட?”

டோபி குப்பன் துணி மூட்டையை இறக்குவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது.

“சத்தியமா உங்க சட்டைய வுடல சார்!”

சயின்ஸ் வாத்தியார் வேதசிரோமணி டெரிலின் சட்டையை அவன் மூக்கில் வைத்துத் தேய்த்தார்.

“பொய்! போட்டுக்கலாம்னு எடுத்தா குடலைப் புரட்டுது. ஆளுக்கு ஆள் வியர்வை நாத்தம் வேறடா. நான் பாடமே நடத்துறேன். இது எவனோ குடிகாரனோடது!”

அடுத்த குத்தில் குப்பனின் உதடு கிழிந்தது. விழுந்தவனை விலாவில் உதைத்தார். கிழக்குத் தாம்பரம் சர்ச்சில் முதல் மணி அடித்தது. இன்று வேதபாடம் வாசிக்க வேண்டியவர் அவர்தான்.

மனைவி தபீதாள் ஓடிவந்து இழுத்தாள்.

“விடுங்க! அது வெளுத்த சட்டை இல்லீங்க. நேத்து நீங்க கழட்டிப் போட்டது. வேர்வை காயட்டும்னு நான்தான் ஆணியில மாட்டினேன். டெரிலின், அதான் கசங்கல.”

ஓங்கிய கால் அப்படியே நின்றது.

குப்பன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தான். அந்தச் சட்டையையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“ஊர்ச் சட்டை அல்லாம் வாடகைக்குப் போவுது சார். உங்கள்து மட்டும் எவனும் வாணாம்ன்றான்.”