பேட்டரி ரூம் சாவி

"பேட்டரி ரூம் சாவி வேணும் சார்."

மேனேஜர் தாண்டவராயன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். காந்திமதி வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் போட்ட ஒரே கட்டளை இதுதான். எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே.

"ஆசிட் கீற எடம்மா அது. பொம்பளப் புள்ள மூஞ்சி வெந்துபோச்சுன்னா உங்கப்பனுக்கு யார் பதில் சொல்றது?"

"காலேஜ்ல மூணு வருஷம் ஆசிட்டோடதான் சார் குப்பை கொட்டினேன். மூஞ்சி பத்திரமாத்தான் இருக்கு."

ஒரகடம் சாலையோரம் அந்த அலங்கார மீன் பண்ணை. கரண்ட் போனால் தொட்டிகளில் தண்ணீரைச் சுழற்றும் பம்பை பேட்டரிக்கு மாற்றவேண்டும். மாற்றினாலும் கால் மணி நேரத்தில் பம்பு நின்றுவிடுகிறது. இன்று காலை நாற்பத்தாறு ஏஞ்சல் மீன்கள் மல்லாந்து மிதந்தன. மூன்று மாதத்தில் இது மூன்றாவது முறை. நடுவில் பேட்டரியையே புதிதாக மாற்றியும் ஆயிற்று.

ஐந்து மணியானால் தன் அறை வாசலோரப் பலகையில் மூன்று சுவிட்சையும் தட்டி அணைத்துவிட்டு மணிமங்கலம் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், இன்று நகரவில்லை. காலையில் அவளே போட்டு, மாலையில் அவளே அணைப்பது. அவள் காலேஜில் சேர்ந்த வருஷம்தான் வீட்டுக்குக் கரண்டே வந்தது. ஆள் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தாலும் அவளுக்கு உடம்பு கூசும்.

அவளுடைய அறையில் ஒரு மேசை, ஒரு ட்யூப்லைட், ஒரு ஃபேன். பேட்டரி ரூமுக்கு அந்த அறை வழியாகத்தான் போகவேண்டும். மேசை மேல் காலையிலிருந்தே ஒரு காகிதம் காத்திருந்தது.

'மீன்கள் சாகக் காரணமானவர்: வாட்ச்மேன் ஏசுதாஸ். இன்றோடு வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார்.' கீழே, தொட்டிப் பொறுப்பாளர் கையெழுத்துக்கு இடம். அது அவள்.

சாவி பகலில் மேனேஜரின் மேசை டிராயரில், இரவில் ஏசுதாஸின் இடுப்பில். இரண்டு பேரில் ஒருவர் திருடர். அந்த ஒருவர் யாரென்று காந்திமதி முடிவு கட்டியிருந்தாள். புது பேட்டரி வந்த வாரத்திலிருந்துதான் மேனேஜரின் ஜீப் தள்ளாமலே கிளம்புகிறது.

"புது பேட்டரிய ஜீப்புல மாட்டிட்டு, பழிய படிக்காதவர் தலையில கட்டறீங்களா சார்?"

தாண்டவராயனின் முகம் சிவந்தது. சாவியை அவள் முன்னால் விட்டெறிந்தார். "போய்ப் பாரு. ஜீப்புக்கு செல்ஃப் மோட்டார் மாத்தினேன், அந்த பில்லும் தரட்டுமா?"

காந்திமதி தன் அறை வழியாகப் போய் பேட்டரி ரூம் கதவைத் திறந்தாள். தாண்டவராயனும் பின்னாலேயே வந்தார். பேட்டரியில் அடித்திருந்த நம்பரை பில்லோடு ஒத்துப் பார்த்தாள். அதே நம்பர். முனைகளில் உப்புப் பூக்கவில்லை, ஒயர் இறுக்கமாக இருந்தது. சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு இழுத்தபோது மிதவை அடியில் போய் உட்கார்ந்தது. பேட்டரியில் சார்ஜ் இல்லை.

"பகல்ல பாதி நேரம் பவர் கட்டு. ராத்திரி பூரா ஏறணும்" என்றார் தாண்டவராயன். "ஏறலைன்னா? ராத்திரி எவனோ உறியறான்னு அர்த்தம்."

வாசலில் ஏசுதாஸ் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். வேலை போனால், பண்ணைக்குப் பின்னால் கொடுத்திருந்த குடிசையும் போகும். உள்ளே அவர் மனைவி லூர்து மேரி ஏற்கெனவே பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாதா மேல சத்தியம்மா. கரண்ட் போனாத்தான் நான் அந்த ரூமத் தொறக்கறதே. கைப்பிடியத் திருப்புவேன். பம்பு கொஞ்ச நேரம் ஓடும், அப்பால முக்கிக்கினு நின்னுபுடும். எனக்கு இன்னா தெரியும்?"

"கேட்டுக்கினியா, இன்ஜினீரம்மா?" தாண்டவராயன் விரல் விட்டு எண்ணினார். "நம்பர் சரி, ஒயர் சரி, சார்ஜர் சரி. மிச்சம் இவன்தான். கையெழுத்தப் போடு."

"முடியாது சார்."

"போட்டுரும்மா" என்றார் ஏசுதாஸ் மெதுவாக. "உன் வேலையாச்சும் மிஞ்சட்டும்."

"அவர் எடுக்கலை. யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்காம நான் விடப்போறதில்லை." காந்திமதி பையைத் தோளில் மாட்டினாள். கோபத்தில் செருப்பு கூட சரியாகக் காலில் ஏறவில்லை.

வாசலருகே அவள் கை தானாகப் பலகைக்குப் போனது. தட், தட், தட்.

நின்றாள். பேட்டரி ரூம் கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பி, மூன்றாவது சுவிட்சை மறுபடி தட்டினாள். அணைத்தாள். இன்னொரு முறை போட்டாள். அவள் கண் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

பிறகு மேசைக்குத் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். "அப்படி வா வழிக்கு" என்றார் தாண்டவராயன்.

காகிதத்தில் ஓர் இடத்தில் அடித்தாள். மேலே எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, அதன்மேல் சாவியை வைத்தாள். ஏசுதாஸைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் படி இறங்கினாள்.

"ஏம்மா, நில்லு! இன்னா இது? அவன் பேர அடிச்சுட்டு உன் பேர எழுதி வச்சுக்கிற?"

காந்திமதி நிற்கவில்லை.

"மூணாவது சுவிட்ச் சார்ஜரோடது சார். தெனமும் அணைச்சுட்டுப் போனது நான்தான்."