கூடுதலாக ஒரு கட்டில்

கட்டில் மறுபடியும் காணாமல் போயிருந்தது. நேற்று சாயங்காலம் ஜன்னலை ஒட்டி, சிவப்புப் போர்வையோடு அவன் தன் கையால் போட்ட கட்டில். கதவு சாத்தியது சாத்தியபடி இருக்க, கட்டில் இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது.

எந்தப் படுபாவி பண்ற வேலை இது என்று லிஃப்ட் மெக்கானிக் கணினித் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

ஆமாம், கணினியில்தான். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, வயல், ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளும் விளையாட்டு அது. அவன் கட்டிய ஊரில் மொத்தம் நாலே பேர். பெரிய மூக்கும் கட்டிய கையுமாக, எதைக் கேட்டாலும் "ம்ஹூம்" என்று முனகிவிட்டு நகரும் ஆசாமிகள். கவுண்டரில் உட்கார்ந்து அலுத்துப்போன அதிகாரிகளே தேவலை.

விளையாட்டுப் பித்துப் பிடித்து அவன் இதை ஆரம்பிக்கவில்லை. போன வருடம் அவனும் மனைவியும் மூன்று பேராகத் திரும்பும் நினைப்பில் மருத்துவமனைக்குப் போய், இரண்டு பேராகவே திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து அவள் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. தானாக ஒரு வார்த்தை கிடையாது.

அவளைப் பேசவைக்க என்னென்னவோ செய்து பார்த்துக் கடைசியில் இந்த விளையாட்டைப் பிடித்தான். வயலை மட்டும் பார்த்துக்கொள்ள அவள் ஒப்புக்கொண்டாள். கேரட் விளைந்த அன்று லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. அவன் அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஊரில் ஒரு குட்டிக் குழந்தை பிறந்து குதித்து ஓடினால் இவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினான்.

ஊரோ பெருகுவேனா என்றது. வயிறு நிறைந்தால்தான் ஜோடி சேர்வார்கள் என்று ரொட்டியை அள்ளி அள்ளி வீசினான். தின்றார்கள், தலைக்கு மேல் இதயம் பறந்தது, அப்புறம் புஸ்ஸென்று புகை கிளம்பி ஆளுக்கொரு திசையில் நடையைக் கட்டினார்கள்.

கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்தான் சூட்சுமத்தைச் சொன்னான். "ஆளுக்கு ஒரு கட்டில் பத்தாதுப்பா. பொறக்கப்போற குழந்தைக்கும் முன்னாடியே ஒண்ணு காலியா போட்டு வைக்கணும். அது இல்லேன்னா பொறக்காது."

அன்றே ஐந்தாவது கட்டிலைப் போட்டான். மறுநாள் காணோம். மறுபடி போட்டான், மறுபடி காணோம்.

விளையாட்டில் ராத்திரி உலாவும் நடைப்பிணங்களான ஜாம்பிகளைச் சந்தேகப்பட்டு ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பினான். ஜாம்பி கட்டிலையெல்லாம் தூக்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லப்போக, சந்தேகம் அவன் மேலேயே பாய்ந்தது. உள்ளே நுழையும் பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியுமே. வாய்த்தகராறாகி, இருவரும் ஒரே லிஃப்ட் குழிக்குள் முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். பாஸ்வேர்டை மாற்றியும் பார்த்தான். கட்டில் அப்போதும் போயிற்று.

எத்தனையோ மாடிகளில் நின்றுபோன லிஃப்டைக் கிளப்பிவிடுகிறவனுக்கு ஒரு பொம்மைக் கட்டிலைக் காப்பாற்ற வக்கில்லை. மனைவியிடம் புலம்பினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிற்பகல் வேலை அவளுக்கு. காலையில் அவன் கிளம்பிய பிறகுதான் வயலைப் பார்ப்பாள். "எனக்கென்ன தெரியும்," என்றாள், வீட்டின் சின்ன அறை ஜன்னலோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி. அந்த அறையில் அந்தத் தொட்டியைத் தவிர வேறு சாமான் கிடையாது.

சரி, விடக்கூடாது என்று இன்னொரு கட்டில் செய்தான். இந்தத் தடவை மஞ்சள் போர்வை. விளையாட்டில் அதே ஜன்னலோரம் போட்டுவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் வேலைக்குப் போன கட்டடத்தில் மின்சாரமே இல்லை. லிஃப்டும் அசையாது, அவனுக்கும் வேலையில்லை. காலையிலேயே வீடு திரும்பி, தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான்.

கணினியின் முன்னால் மனைவி, முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கோடரி ஓங்கி இறங்கியது. மஞ்சள் கட்டில் மறைந்தது. அந்த இடத்தில் அவள் நிதானமாக ஒரு பூந்தொட்டியை வைத்தாள்.

அவனுக்குக் கோபித்துக்கொள்வதா கெஞ்சுவதா என்றே தெரியவில்லை.

"அது காலியா கெடந்தாத்தாம்மா அங்க குழந்தை பொறக்கும்," என்றான் மெதுவாக.

"தெரியும்."

அவன் பார்வை தானாகச் சின்ன அறைப் பக்கம் போயிற்று. போன வருடம் ஆசை ஆசையாய் முன்கூட்டியே அவன் வாங்கிப் போட்ட குட்டிக் கட்டில் அந்த ஜன்னலோரம்தான் கிடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவே அவனுக்குத் தெம்பு இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில் இல்லை, பூந்தொட்டி இருந்தது. எப்படிப் போயிற்று, யார் கழற்றியது என்று அவன் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்துவிட்டான்.

அவள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவன் எதுவும் கேட்காமலே பேசினாள்.

"நீங்க போட்டுக்கிட்டே இருந்தா, நான் எத்தனை தடவைங்க எடுக்குறது?"