கிளியின் ரெடினஸ்

ஆங்கிலப் பேச்சு வகுப்பின் ஜன்னலில் ஒரு கிளிக்கூண்டு தொங்கியது. "கதவு திறந்தால் உடனே பறந்துவிடுவேன். இதற்கு ஆங்கிலத்தில் ரெடினஸ் என்று பெயர்" என்று கிளி தினமும் அணிலிடம் சொல்லும்.

ஒருநாள் ஆசிரியர் தீனி வைத்துவிட்டுக் கொக்கியை மாட்ட மறந்துபோனார். அணில் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டது.

"வாங்கண்ணே, சீக்கிரம்!"

"இரு தம்பி. வெளியே யாராவது கேட்டால் என்ன சொல்வது? 'மை ரெடினஸ் இஸ் ஃபுல்' சரியா, 'ஐ ஆம் இன் ரெடினஸ்' சரியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. ஆள் வர்றாரு!"

கிளி இரண்டையும் நிதானமாகச் சொல்லிப் பார்த்தது. ஆசிரியர் வந்தார், கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார், போய்விட்டார்.

அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரண்டாவதுதான் சரி" என்றது கிளி.