மேசையை விட்ட பூசணிக்காய்

ஒரு வீடியோ கேமுக்குள், சமையலறை மேசைமேல் பூசணிக்காயும் பித்தளைக் குடமும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. விளையாடுகிறவர் அன்று படத்தை வேகமாக ஓடவைக்க, 'மாட்' எனும் மாற்று நிரல் ஒன்றைப் புதிதாக ஆட்டத்தில் போட்டிருந்தார். நொடிக்கு அறுபது படம் ஓடிய இடத்தில் இனி இருநூறு ஓடும்.

"இனி நம்ம வேகம் யாருக்கு வரும்!" என்று குடம் பூரித்தது.

பூசணிக்காய் குடத்தின் பக்கம் திரும்பியது. "அண்ணே, நம்மளை மேசையில பிடிச்சு வெச்சிருக்கிற கணக்கு நொடிக்கு அறுபது படத்துக்குன்னு எழுதினது. அதையும் மாத்தினாங்களா?"

"படம் ஜோரா ஓடினா போதாதா? சும்மா இரு, பயந்தாங்கொள்ளி!"

ஆட்டம் தொடங்கியது. குடம் லேசாக உரசியதுதான் தாமதம், பூசணிக்காய் கூரையைப் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போனது. பின்னாலேயே குடம் கதறிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் மேசை, அடுப்பு, கரண்டியோடு சமையல்காரர்.

திரைக்கு வெளியே விளையாடுகிறவர் கைதட்டினார்: "ஆஹா, கொஞ்சங்கூடத் திக்காம என்ன அழகா பறக்குது!"